பத்தாவது ரன்

கார்விட் கல்லூரிக்கு நாலு வருஷம் பேஸ்பால் ஆடியவன் என்று லைல் நோவோட்னியைப் பற்றி ஊரில் சொல்வார்கள். ஆடவில்லை. நாலு வருஷம் பந்து பிடித்தான், அவ்வளவுதான். மைதானத்தின் வேலியோரம் ஒரு மூலை உண்டு. பந்து வீசப் போகிறவன் ஆட்டத்துக்குள் நுழையுமுன் அங்கே நின்றுதான் தோளைச் சூடாக்கிக்கொள்வான். அவன் வீசுவதை எதிரே குந்தியிருந்து பிடிக்க ஒருத்தன் வேண்டுமே, அந்த ஒருத்தன் லைல். ஆட்டம் என்பது அவனுக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கிற கூச்சல்.

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் சோளம் போடுகிற குடும்பம். தாய் அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பா எமில் டிராக்டரில் ரேடியோவைக் கட்டிவைத்துப் பெரிய அணிகளின் ஆட்டத்தைக் கேட்டபடியே உழுகிறவர். பேஸ்பால் என்றால் அவருக்கு ஒன்பது சுற்று, ஒன்பது இன்னிங்ஸ். அதற்கு மேலே போகலாம், கீழே இறங்காது. மகன் கல்லூரி அணியில் இருக்கிறான் என்று தேவாலய வாசலில் நாலு பேரிடம் சொல்வார். ஆனால் மைதானத்துப் பக்கம் ஒருதடவை கூட எட்டிப் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கிற மாதமும் விதைப்பு மாதமும் ஒன்று. ஈரம் காய்ந்த நாளில் விதைப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போகிறவனை அந்தப் பக்கத்தில் மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள்.

லைலுக்குக் கை நல்ல கை. எப்படி வந்தாலும் பந்து அதற்குள் அடங்கிவிடும். கால்தான் கைவிட்டுவிட்டது, ஓடச் சொன்னால் வண்டிமாடு மாதிரி ஓடுவான். கோச் ஆஸ்லுண்ட் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். "உன்னை மாதிரிப் பந்து பிடிக்க எனக்கு வேற ஆள் இல்லடா. உன்னை நான் விடவே மாட்டேன்" என்று தோளில் தட்டினார். விடவும் இல்லை. நாலு வருஷமும் அந்த மூலையைவிட்டு விடவில்லை. மனுஷனைப் பாராட்டியே குழியில் இறக்குகிறவர்கள் உண்டு, ஆஸ்லுண்ட் அதில் கெட்டிக்காரர்.

அறைத் தோழன் கிர்க் டன்னிங். ஆறடிக்கு மேல் உயரம், அகலத் தோள், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற அடிகாரன். அவனிடம் ஒரே ஒரு ஓட்டை. முழங்காலுக்கு உள்பக்கம் தாழ்ந்து வருகிற பந்தை அவனால் தொடமுடியாது. மூன்றாம் வருஷம் எதிரணிகள் இதைத் தெரிந்துகொண்டு அவனைப் படுத்தி எடுத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க விடிகாலையில் லைல் அவனை உடற்பயிற்சிக் கூடத்துக்கு இழுத்துப்போய் அதே பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தான். 

"போதும்டா, கை விட்டுப்போச்சு" என்று கிர்க் மட்டையை எறிவான்.

"உனக்குக் கை விட்டுப்போச்சு, எனக்குத் தோளே விட்டுப்போச்சு. எடுடா மட்டையை."

அப்படித்தான் அந்த ஓட்டை அடைபட்டது. கிர்க்கும் நன்றி கெட்டவன் இல்லை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வான். சொல்வதற்கு என்ன செலவு?

கடைசி வருஷ ஆட்டங்கள் கேவலமாகத்தான் தொடங்கின. பிப்ரவரியில் பஸ் ஏறி ஓக்லஹோமா போய் வரிசையாக உதை வாங்கித் திரும்பினார்கள். மார்ச்சில் பனி. ஆடப்போகிறவர்களே மண்வாரியோடு மைதானத்தில் இறங்கிப் பனியை அள்ளினார்கள். ஏப்ரலில் கிர்க்கின் மட்டை பேச ஆரம்பித்தது. பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஒரு ஹோம் ரன், இன்னொன்று, மறுநாள் மறுபடி. தோற்றுக்கொண்டிருந்த அணி ஜெயிக்கத் தொடங்கியது. சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் வரும்போது கணக்கு இதுதான்: அதை ஜெயித்தால் வட்டாரப் போட்டிக்குப் போகலாம். கிர்க் இன்னும் ஒரு ஹோம் ரன் அடித்தால் கல்லூரியின் பழைய சாதனை உடையும்.

லைலின் கணக்கு வேறு. கடைசி வருஷத்துப் பையன்களுக்கென்று அன்றைக்கு ஒரு மரியாதை உண்டு. ஆட்டத்துக்கு முன் பெற்றோரோடு மைதானத்தின் நடுவே நடந்து வருவார்கள், அம்மாக்களுக்குப் பூ கொடுப்பார்கள். அப்புறம் எவ்வளவு மோசமான ஆட்டக்காரனானாலும் அன்றைக்கு அவன் களத்தில் இறங்குவான். நாலு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவனும் ஒருதடவை மட்டையோடு போய் நிற்பான். லைல் அதுவரை ஓர் ஆட்டத்திலும் மட்டை பிடித்து நின்றதில்லை. வட்டாரப் போட்டிக்குச் சீருடை குறிப்பிட்ட பேருக்குத்தான். அதில் அவன் பெயர் இல்லை என்று ஆஸ்லுண்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்த நாளை விட்டால் அவனுக்கு வேறு நாள் கிடையாது.

அப்பாவுக்குப் போன் செய்தான். "வெயிலடிச்சா வரமுடியாதுடா" என்றார் எமில். அன்றைக்குப் பளீரென்று வெயிலடித்தது. பக்கத்து நிலத்தில் எல்லாம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, எமில் தன்னுடையதை வரப்போரம் நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று மணிநேரம் வண்டி ஓட்டி வந்தார். மைதானத்தின் நடுவே நடந்தபோது அம்மாக்களுக்கான பூவை அவர் கையில் கொடுத்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்தபடியே போய், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கான மரப்படியில் உட்கார்ந்தார்.

தொடக்கப் பட்டியலில் லைல் இல்லை. "ஜெயிச்சே ஆகணும்டா இன்னைக்கு. நடுவுல இறக்குறேன், நீயே புரிஞ்சுக்குவ" என்றார் ஆஸ்லுண்ட். 

லைல் புரிந்துகொண்டான். புரிந்துகொள்வதில்தான் அவன் வாழ்க்கையே போனது.

ஐந்தாவது இன்னிங்ஸில் கார்விட் நன்றாக முன்னால் இருந்தது. லைல் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதற்குள் பந்து வீசுகிறவனுக்கு முழங்கை வலி. "லைல்! அடுத்தவனைச் சூடாக்கு. சீக்கிரம்!" ஹெல்மெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு மூலைக்கு ஓடினான். சரியாகப் பந்து பிடிக்க அவனை விட்டால் ஆளில்லையே. ஐந்தாவதும் ஆறாவதும் அந்த வேலியோரத்திலேயே போயிற்று.

ஏழாவதின் பின்பாதியில், கார்விட் மட்டை பிடிக்கும் முறை. ஒன்பது ரன் முன்னால். "லைல், டன்னிங்குக்கு அடுத்து நீ" என்றார் ஆஸ்லுண்ட், ஏதோ ஞாபகம் வந்தவர் போல.

கல்லூரி ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஏழாவது இன்னிங்ஸில் பத்து ரன் முன்னால் போய்விட்டால் ஆட்டம் அத்தோடு சரி. தோற்கிறவன்மேல் காட்டுகிற கருணையாம். கிர்க் மட்டையைச் சுழற்றிக்கொண்டு கிளம்பினான். ஓடி நிற்கிற தளங்களில் அவன் அணியாள் யாரும் இல்லை. அவன் ஹோம் ரன் அடித்தால் அது பத்தாவது ரன். அங்கேயே ஆட்டம் முடிந்துவிடும். வேறு எது செய்தாலும் லைல் ஆடுவான்.

லைல் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டவன் இல்லை. அன்றைக்குக் கேட்டான். கிர்க்கின் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "கிர்க், ஒண்ணே ஒண்ணு. வேலியைத் தாண்டி மட்டும் அடிச்சிடாதடா. எங்கப்பா வந்திருக்காரு" என்றான்.

கிர்க் திரும்பி மரப்படியைப் பார்த்தான். பூவோடு உட்கார்ந்திருந்த எமிலைப் பார்த்தான். அவருக்குப் பின்னால், பெரிய அணிகளுக்கு ஆள் பொறுக்க வந்திருந்த ரெண்டு தொப்பிக்காரர்களையும் பார்த்திருப்பான். "சே, இதுக்குப் போய் கேக்கணுமாடா? மெதுவா தட்டிட்டு ஓடிடறேன். நீ வந்து ஒண்ணு அடிச்சு என்னை வீட்டுத் தளத்துக்குக் கூட்டிட்டு வா" என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

முதல் பந்தை விட்டான். இரண்டாவதையும் விட்டான். ரெண்டு பந்துக்குள் லைலுக்கு ஒரு வாழ்க்கை வந்து போனது. மூன்றாவது பந்து முழங்காலுக்கு உள்பக்கம் தாழ்ந்து வந்தது. அதே பந்து. அது கிளம்பும்போதே லைலுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதை ஆயிரம் தடவை போட்டவன் அவன். கிர்க்கின் இடுப்பு திரும்பியது, லைல் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அப்புறம் பந்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, சத்தம் போதும்.

ஹோம் ரன் அடித்தவன் சுற்றி வரும்போது, அவனை முதலில் வரவேற்க வேண்டியவன் அடுத்து ஆட இருப்பவன். அது அங்கே எழுதாத சட்டம். லைல் கீழே கிடந்த கிர்க்கின் மட்டையை எடுத்து ஓரமாகப் போட்டான். கிர்க் வானத்தைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். லைல் அவனைக் கட்டிக்கொண்டான். வேறென்ன செய்வான்? மொத்த அணியும் மேலே வந்து விழுந்தது. அந்தக் குவியலுக்கு அடியில், கிர்க்கின் வியர்வை முகத்தில் வழிய, அவன் அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தது. மரப்படியில் எமில் மட்டும் எழுந்திருக்கவில்லை. பூவை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லைல் அவரிடம் போனான்.

"இடைவேளையாடா?" என்றார். "அடுத்து நீதானே? ஹெல்மெட்டை ஏன் கழட்டிட்ட?"

"ஆட்டம் முடிஞ்சிடுச்சுப்பா."

"ஏழுதானேடா ஆச்சு?"

லைல் விதியைச் சொன்னான். எமில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பலகையில் இருந்த எண்களை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "வெளிச்சம் இருக்குறப்பவே போனா நாலு சால் விதைச்சிடலாம்" என்று எழுந்தார். பூவை என்ன செய்தார் என்று லைலுக்குத் தெரியாது.

வட்டாரப் போட்டியில் கார்விட் முதல் ரெண்டு ஆட்டத்தையும் தோற்று வீடு திரும்பியது. கிர்க்கை ஒரு பெரிய அணி எடுத்து, கீழ்நிலை அணிகளில் ரெண்டு வருஷம் போட்டுப் பார்த்துவிட்டுத் துரத்திவிட்டது. இப்போது டென்வரில் கார் விற்கிறான். லைல் நிலத்துக்குத் திரும்பினான். கல்யாணம், ரெண்டு பெண்கள், நேராக நிற்காத இடதுகை விரல்கள். மழை வருமுன் அவை வலிக்கும்.

எமில் போன மார்ச்சில் இறந்தார். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. பன்றிக்கறி, மாவுருண்டை, புளித்த கோஸ், பழம் வைத்த ரொட்டி. கிர்க் டென்வரிலிருந்து வந்திருந்தான், நல்ல கோட்டு, நல்ல வயிறு. சோகத்தில் கூடம் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்து, அவனுக்குத் தெரிந்த ஒரே கதையை எடுத்துவிட்டான்.

"எமில் பெரியவர் பூவோட உக்காந்திருக்காரு. நான் மட்டையை எடுத்துட்டுக் கிளம்புறேன். இந்த லைல் என் கையைப் புடிச்சு நிறுத்தி என்ன சொன்னான் தெரியுமா? 'எங்கப்பா வந்திருக்காருடா, அவர் பாக்க வானத்துக்கு ஒண்ணு அனுப்பு'ன்னான். நீங்களே சொல்லுங்க, தனக்கு ஆட்டம் போயிடும்னு தெரிஞ்சும் எவன் அப்படிச் சொல்வான்? திரும்பி வந்தா முதல் ஆளா ஓடிவந்து கட்டிக்கிட்டு அழறான்!" அவன் கண்ணே கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை அந்தப் பாவி, அப்படித்தான் நடந்தது என்றே நம்பிவிட்டான்.

கையில் முள்கரண்டியோடு எல்லாரும் லைலைப் பார்த்தார்கள். அவனுடைய பெண்கள் பெருமையோடு பார்த்தார்கள்.

"நான் அப்படிச் சொல்லல" என்றான் லைல். "அடிச்சிடாதன்னுதான் சொன்னேன்."

கிர்க் மேசையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தீங்களா? இத்தனை வருஷமாகியும் இவன் குசும்பு போகல!" பாதிரியாரும் சிரித்தார், பெண்களும் சிரித்தார்கள். அன்று காலையிலிருந்து அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

லைல் எழுந்து, கிர்க்கின் காலித் தட்டை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கறி போடவா?" என்று கேட்டான்.