மானுக்கு வந்த அம்மை

மெர்லிமாவ் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் சிவசாமியை வாயில்லாப் பூச்சி என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் பாச்சாங்குக்குக் குடிவந்து, நகருக்கு வெளியே மான் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. வந்த வாய் மூடவில்லை. பேச்சு முழுக்க ஒரே ஒரு கடமானைப் பற்றி. காட்டிலிருந்து பிடித்து வந்த அதற்கு ராசு என்று பெயர் வைத்ததே அவர்தான். ராசுவின் கொம்பை அவர் வர்ணிக்கத் தொடங்கினால் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்.

அவர் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அந்தக் கொம்பு விழுந்தது. காலையில் புல் போடப் போனவர் புல்லில் கொம்பு கிடப்பதைப் பார்த்து ஆடிப்போனார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தார். கொஞ்ச நாளில் ராசுவின் தலையில் இரண்டு வீக்கங்கள் எழுந்தன. தொட்டால் சூடு. மேலெல்லாம் பூனைக்குட்டி மாதிரி மெத்து மெத்தென்று முடி. சிவசாமிக்குச் சந்தேகமே இல்லை.

"அம்மா வந்திருக்கு," என்றார் மனைவி சுசீலாவிடம்.

"யாருக்கு?"

"ராசுவுக்கு."

வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் கறி, மீன் கிடையாது, தாளிக்கக்கூடக் கூடாது.

"மானுக்கு அம்மைன்னா மான் வீட்டுல பத்தியம் இருக்கட்டும் லா. நம்ம வீட்டுல ஏன்?" என்று சுசீலா கேட்டார்.

"அவன் கொம்பு இங்கதான இருக்கு," என்றார் சிவசாமி.

சுசீலாவின் கவலை மீன் மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை குருபோங்கிலிருந்து மகள் கோமளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த ஒரு இடம் கைநழுவிப் போயிருந்தது. இதுவும் போனால் தாங்க மாட்டாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும். வேப்பிலையைக் கழற்றச் சொல்லி சுசீலா கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். சிவசாமி அசையவில்லை.

ஞாயிறன்று வேனை விட்டு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா கலைமகள், வேப்பிலையைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்குங்க அம்மா போட்டிருக்கு?"

அம்மை கண்ட வீட்டில் பொய் சொல்லக் கூடாது என்பது சிவசாமியின் கொள்கை. மான், கொம்பு, அரிசி டிரம் என்று அத்தனையும் கொட்டினார். கோமளா உள்ளே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கலைமகளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த மானப் பாக்கணுமே," என்றார்.

இரண்டு குடும்பமும் ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போயின. ராசு வேலியோரம் நின்றது, உடம்பெல்லாம் மஞ்சளாக. காலையில்தான் சிவசாமி மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிவிட்டு வந்திருந்தார். வேலியில் கட்டியிருந்த வேப்பிலையை அது நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

பூங்கா அதிகாரி ரசாலி மானைப் பார்த்தார், பிறகு சிவசாமியைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மெமாங் ஜாத்தோ லா. நாந்தி தும்போ பாலிக்." எப்படியும் விழும், திரும்ப முளைக்கும் என்று மலாயில் சொன்னார். அந்த வீக்கம்தான் புதுக் கொம்பு. வளர்கிற வரைக்கும் தோலும் முடியும் போர்த்தி, ரத்தம் ஓடிச் சூடாகத்தான் இருக்குமாம்.

சிவசாமிக்குக் கூசிப்போனது. மகள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. கலைமகள் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு சுசீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மானுக்காக வாயக் கட்டிக்கிட்டு இருந்திருக்காரு. எம் மகனுக்குக் காய்ச்சல் வந்தா இவரு சும்மா இருப்பாரா? எங்களுக்குச் சம்மதம். எப்ப நாள் குறிக்கலாம்?"

கோமளா அழுதாள், கூடவே சிரிப்பும் வந்தது. எல்லோரும் சிவசாமியைப் பார்த்தார்கள்.

அவர் வேலிக்குள் பார்த்தபடி சொன்னார்: "கொம்பு முழுசா வளரட்டுங்க. கல்யாணப் படத்துல அவன் மொட்டையா நிக்கக் கூடாது."

திரும்பும் வழியில் சுசீலா பாசாரில் வேனை நிறுத்தச் சொல்லி, பெரிய மீனாகப் பார்த்து வாங்கினார்.