நான் சாய்த்த அருவி சர்வர்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: குற்றாலம் ஐந்தருவியில் இன்று குளிக்கலாமா என்று படத்தோடு சொல்லிவந்த எங்கள் கம்ப்யூட்டர் சர்வர், இன்று காலை பள்ளிக் கண்காட்சியில் காலமானது.

சாய்த்தது அடியேன். ஒரே ஒரு படம் அனுப்பி.

அருவிப் படம் யார் அனுப்பினாலும், முதலில் அதன் அளவைச் சர்வரிடம் சொல்ல வேண்டும். சர்வர் அவ்வளவு மெமரியை ஒதுக்கி வைக்கும். நான் கடுகளவு படத்துக்கு மலையளவு எண் போட்டேன். அது நம்பி, ஒதுக்கப் போய், மூச்சடைத்து நின்றது. உடனே எழுந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதமாக என்னோடு சேர்ந்து அதன் புரோகிராமை எழுதிய இசக்கி, நடுவர் முன்னால் வியர்த்தான்.

"சார், ரெண்டே நிமிசம் சார், இப்ப வந்திரும்."

"பரவால்லப்பா" என்று அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நான் சிரித்துக்கொண்டே இசக்கியிடம் போனேன். "எப்படிலே நம்ம ஹேக்கிங்?"

இசக்கி லேப்டாப்பை மூடினான். "அளவுக்கு வரம்பு வச்சும் விழுந்திட்டு பாத்தியாலே. சோதிச்சுப் பாக்காம விட்டது என் தப்புதான்."

ஹேக்கிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய எண் வந்தால் மறுத்துவிடும் அந்த வரம்பை எழுதுவது என் வேலை. முடித்துவிட்டேன் என்று போன வாரம் அவனிடம் சொன்னேன். எழுதவே இல்லை. அதனால்தான் எங்கே அடித்தால் விழும் என்று தெரிந்தது.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? யோசனை இருந்தால் சீக்கிரம் போடுங்கள். இந்தப் பதிவை அவனும் படிப்பான்.