இடது பம்ப்

வில்பெர் பெருவிரலால் பிரேக்கரை மறுபடி அமுக்கப் போனார். ஓர்பெலினா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"கையை எடு, ஓர்பெ. ஒரே ஒரு தடவை."

"ஏற்கெனவே அமுக்கிட்டீங்க."

"அது சும்மா பாத்தது."

"இதுவும் சும்மாவே இருக்கட்டும்."

விமானிகளின் இருக்கைக்குப் பின்னால் மூன்று பேர் நிற்க இடமில்லை. நான் கதவில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு நின்றேன். வலது இறக்கையின் எரிபொருள் பம்ப் ஒழுங்காக ஓடியது. இடது பம்ப் ஓடத் தொடங்கி, ஒருவர் இருமி முடிப்பதற்குள் நின்றது. இரண்டு முறையும் அப்படித்தான்.

ட்ரிப் ஆகி மின்சாரத்தை வெட்டிய பிரேக்கரை இன்னொரு தடவை அமுக்கிப் பார்ப்பது, விமானங்களைப் பழுது பார்க்கும் எங்கள் ஹாங்கரின் பழக்கம். எரியாத பல்பைத் தட்டிப் பார்ப்பது போல. கழிவறை மோட்டாருக்கு அது பரவாயில்லை. எரிபொருள் பம்புக்குப் போகும் வயர் இறக்கையில் இருக்கும் டேங்குக்குள்ளேயே ஒரு குழாயில் ஓடுகிறது. வயரின் தோல் உரிந்தால் மின்சாரம் குழாயில் பாயும். பொறி குழாயைத் துளைத்தால் அந்தப் பக்கம் எரிபொருள் ஆவி. அதற்காகத்தான் பழைய ரிலே சுவிட்சுகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டிகள் மாட்டிக்கொண்டிருந்தோம். பம்புக்குப் போகிற மின்சாரத்தில் துளி வெளியே கசிந்தாலும் பெட்டி வெட்டிவிடும். முதலில் வந்த சில பெட்டிகள் காரணமில்லாமல் வெட்டின. அதிலிருந்து எது நின்றாலும் பெட்டி பொய் சொல்கிறது என்பார்கள்.

"பெட்டிதான்," என்றார் வில்பெர். அவர் எங்கள் ஷிஃப்டின் தலைவர். "ஸ்டோர்ல இருந்து வேற வாங்கிட்டு வா, ரிகோ."

"வயரா இருந்தா?" என்றேன்.

"வயர் யார் போட்டது? ஓர்பெ போட்டது. போன வாரம்தான். அவ போட்ட வயர் என்னிக்காவது கோளாறுன்னு திரும்பி வந்திருக்கா?"

ஓர்பெலினா பிரேக்கரின் கழுத்தில் சிவப்பு வளையத்தை மாட்டினாள். மாட்டியவர் கழற்றும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் முதலில் எங்களிடம் வந்தது இருக்கை உறைகளைத் துவைக்க. சாந்தியாகோ நொனுவால்கோவிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரு நாள் டேங்கின் வாய்க்குள் யாரோ ஒரு திருகைத் தவறவிட்டார்கள். தோள் நுழைகிற ஆள் அன்று யாரும் இல்லை. இவள் எட்டிப் பார்த்துவிட்டு, நான் போகவா என்று கேட்டாள். போய்த் திருகோடு வந்தாள். அதன் பிறகு படிக்க அனுப்பினார்கள், பரீட்சை எழுதினாள், சான்றிதழ் வாங்கினாள். அவளுக்கு எங்கள் பட்டப்பெயர் மூஞ்சூறு. அவளே அதைச் சட்டையில் தைத்துக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர், ஒரு கிளி. டேங்குக்குள் போனால்தான் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பாள். மோதிரம், காதணி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி என் தொப்பியில் போடுவாள். பருத்தி உடையோடு ஊர்ந்து போவாள். வாயருகே உட்கார்ந்து நான் இறக்கையைத் தட்டுவேன். உள்ளே இருந்து அவள் திருப்பித் தட்ட வேண்டும். மூன்று தடவை தட்டியும் பதில் இல்லையென்றால் கையிலிருக்கும் அபாயச் சங்கை ஊதவேண்டும். எனக்கு வயிறு பெரிது. உட்காருவது என் வேலை.

மார்ச்சில் பூமி ஆடியபோது நான் விடுப்பில் இருந்தேன். வாயருகே எங்கள் ஷிஃப்டுப் பையன் உலிசெஸ் இருந்தான். எல்லோரும் வெளியே ஓடினார்கள், அவனும் ஓடினான். தூக்கி நிறுத்திய ஜாக்குகளின் மேல் விமானம் ஆடியபோது அவள் வெளியே வர வழி தெரியாமல் டேங்குக்குள் கிடந்தாள். ஓடியவன் திரும்பி வந்து அழுதான். அவள்தான் அவனைத் தேற்றினாள். ஹாங்கரில் அதை வைத்து நிறையச் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

மதியம் கான்கிரீட் மேடையில் புபுசா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் ஊறுகாயை மட்டும் விரலால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடல?"

"ரிகோ, போன வாரம் வயர் இழுக்கும்போது இறக்கை ஆடுச்சா?"

"வால் பக்கம் ஜாக்க எடுத்தாங்க. லேசா அசைஞ்சுது."

"நான் பூமி ஆடுதுன்னு நெனச்சேன்."

நான் மென்றுகொண்டிருந்தேன். அவள் மேலும் சொன்னாள்.

"குழாய் வாயில வயருக்கு ஒரு உறை வரும்ல, விளிம்பு அறுக்காம இருக்க. இழுத்தா அது பின்னாடி நழுவிப் போகும். கையால முன்னாடி தள்ளிவிடணும். தள்ளினேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. மூடியப் போட்டுட்டு வந்துட்டேன். மூச்சு வரல எனக்கு."

"வெளிய வந்து ஜோக் அடிச்சியே."

"அதான் தெரியாம போச்சு உனக்கு. மார்ச்சுல இருந்து ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

பயம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் டாக்டரிடம் அனுப்புவார்கள். டேங்க் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்த பெயர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"வயர்னு மட்டும் சொல்லு," என்றேன். "நீ பயந்து வெளிய வந்ததச் சொல்லாத."

"ஏன் நழுவுச்சுன்னு கேப்பாங்க."

"கை தவறிடுச்சுன்னு சொல்லு. எல்லாருக்கும் தவறுது."

"சொல்லிட்டு அடுத்த டேங்குல போய் என்ன பண்ண? அங்கயும் கை தவறும்." ஊறுகாயை மூடி என் பக்கம் தள்ளினாள். "இன்னொரு பெட்டி வந்தா சில நாள் தாங்கினாலும் தாங்கும். டேங்க நிரப்பி அனுப்பிடுவாங்க. வில்பெர் என் பேரச் சொல்லித்தான் பெட்டிய மாத்தறாரு."

வில்பெர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். புதுப் பெட்டி அவர் மடியில் இருந்தது.

"அத மாட்டாதீங்க," என்றாள். "இடதுல இருக்கற பெட்டிய வலதுலயும், வலதுல இருக்கறத இடதுலயும் மாட்டுங்க. பெட்டி பொய் சொன்னா கோளாறு வலதுக்குப் போகட்டும்."

"உன் வயர்மேல உனக்கே சந்தேகமா, மூஞ்சூறு?"

"ஆமா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

மிச்சமிருந்த எரிபொருளை வடித்து, ஆவி போகக் காற்று அடித்த பிறகு பெட்டிகளை மாற்றி மாட்டினோம். அவள் வளையத்தைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாள். வலது ஓடியது. இடது நின்றது.

இனி ஆள் உள்ளே போக வேண்டும், அதனால் மறுபடி குழாய் வைத்துக் காற்று அடித்தோம். காத்திருந்த நேரத்தில் அவள் வில்பெரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"உலிசெஸ்ஸ அனுப்பறேன்," என்றார்.

"இடம் எனக்குத்தான் தெரியும். நான் போறேன். இது ஒண்ணு மட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க மேலிடத்துல சொல்லியாகணும்ல."

வாயு மீட்டர் சரி என்றது. காதணிகள் என் தொப்பிக்குள் விழுந்தன. அவள் தலையும் தோளும் நுழைந்தன, பிறகு இடுப்பு, பிறகு காலுறைகள். ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது.

தட்டினேன். தட்டினாள். கொஞ்சம் பொறுத்துத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். சங்கு என் கையில் இருந்தது. வில்பெர் என்னைப் பார்த்தார்.

"ரிகோ." உள்ளிருந்து குரல் வந்தது. "தட்டாத. பேசு."

"என்ன பேச?"

"எதையாவது."

என் மாமியார் கோழி வாங்கப் போய்ச் சேவலோடு வந்த கதையைச் சொன்னேன். அவள் முன்பே கேட்ட கதை. ஒரு இடத்தில் தவறாகச் சொன்னேன். "அது செவ்வாய்க்கிழமை இல்ல, சந்தை நாள்," என்று உள்ளிருந்து திருத்தினாள். முதலில் கைவிளக்கு வெளியே வந்தது. பிறகு அவள், கழற்றிய வயரும் குழாய்த் துண்டுமாக.

வில்பெர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்தார். உறை ஒரு விரல் அளவுக்குப் பின்னால் போயிருந்தது. விளிம்பு வயரின் தோலைக் கீறியிருந்தது. குழாயின் உட்புறத்தில் எள் அளவில் மூன்று கருப்புப் புள்ளிகள். இரண்டு மேலாக இருந்தன. மற்றது ஆழம். துளைத்திருக்கவில்லை.

"பெட்டி உண்மையத்தான் சொல்லியிருக்கு," என்றாள்.

அவர் ஆழமான புள்ளியை நகத்தால் தடவினார்.

"இது நான் அமுக்கினதுல வந்தது," என்றார்.

அவள் காதணிகளை மாட்டிக்கொண்டாள். ஒன்றின் திருகு கிடைக்கவில்லை. தொப்பியின் மடிப்பில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மழை. பலகையில் டேங்க் வேலைக்கான பெயர்களில் ஓர்பெலினா குவார்தாதோ இல்லை. டாக்டரிடம் போய்விட்டுப் பத்தரைக்கு வந்தாள். உலிசெஸ் புது வயரோடு உள்ளே போனான். நான் வழக்கம்போல வாயருகே உட்காரப் போனேன், அவள் அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சங்கு அவள் மடியில் இருந்தது. நான் போய் ஏணிகளைத் துடைத்தேன். அவள் தட்டினாள், அவன் தட்டினான். மதியத்துக்குப் பிறகு டேங்கை மூடி எரிபொருள் விட்டார்கள். இடது பம்ப் ஓடியது. பெட்டி வெட்டவில்லை. சாயங்காலம் வண்டி விமானத்தை வெளியே இழுத்துக்கொண்டு போனது. ஐந்தரை மணி பஸ்ஸில் அவள் வீட்டுக்குப் போனாள்.