மானுக்கு வைத்த உப்பு

போன ஞாயிறு விடியற்காலை. கரடியனாற்றில், என் மனைவியின் அண்ணன் யோகன் மச்சானின் பயற்றந் தோட்டம். பனி இன்னும் கலையவில்லை. காட்டோரத்துப் பாலை மரத்தடியில் நாலைந்து புள்ளிமான்கள் நிலத்தை நக்கிக்கொண்டு நின்றன. கனவுதான் என்று நினைத்தேன்... யாராவது இருமினால் கலைந்துவிடும் கனவு.

"உப்பு," என்றார் மச்சான், வாய்க்குள்ளேயே. "ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமாப் போட்டுப் பழக்கியிருக்கன்."

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புப் போட்டுப் பழக்குவது எதற்கு? பயற்றங் கொழுந்தை இந்த மான்கள் மேய்ந்து தள்ளுகின்றன. துவக்கு வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர் வழி சொன்னாராம் — நீ உப்பு வை, நான் சுடுகிறேன், இறைச்சி பாதிப் பாதி. பிடிபட்டால் மறியல்தான், கம்பி எண்ண வேண்டும். மச்சானுக்கும் தெரியும். ஆனால் தோட்டம் அழிகிறதே?

கூட்டாளி விதிகளும் சொல்லிக் கொடுத்திருந்தார். சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போகாதே. பீடி கூடவே கூடாது. உன் பக்கமிருந்து மானின் பக்கம் காற்று வீசுகிற இடத்தில் உட்காராதே. முக்கியமாக — அவசரப்படாதே. பயம் தெளியும்வரை நிம்மதியாகத் தின்ன விடு.

இந்தக் கடைசி விதியில்தான் மச்சான் மாட்டிக்கொண்டார். தினமும் போய் உட்கார்ந்தவருக்கு, எந்த மானுக்குக் காது கிழிந்திருக்கிறது, எது குட்டியைத் தின்னவிட்டுத் தான் காவல் நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடம். பகையாளியை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாமா, சொல்லுங்கள்?

"நாளைக்கு விடியவே அவர் துவக்கோட வாறார்," என்றார். முகத்தில் களையே இல்லை.

"வர வேணாமெண்டு சொல்லுங்களன்."

"பயறு போகுதே மச்சான்! வீட்டில என்னத்தச் சொல்ற?"

வீட்டில் அவர் மனைவி சிரித்தார். "இவரா மான் சுடப்போறார்? கோழி அறுக்கச் சொன்னாலே கடைக்குப் போற ஆள்!"

மறுநாள் விடிய, கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தால்... மச்சான் வாசனைச் சவர்க்காரம் நுரைக்க நுரைக்கக் குளித்துக்கொண்டிருக்கிறார். பிறகு பவுடர். பிறகு ஒரு பீடி. தோட்டத்துக்குப் போய், காற்று தன்னைத் தடவிக்கொண்டு நேரே பாலை மரத்துக்குப் போகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

கூட்டாளி துவக்கோடு வந்து காத்துக் கிடந்தார். பனி மெல்ல மெல்ல விலகியது. மரத்தடியில் வெயில் விழுந்தது. மான் வந்தால்தானே?

"உன்னோட வேட்டைக்கு வாறதும் ஒண்டு, கலியாண வீட்டுக்குப் போறதும் ஒண்டு!" என்று ஏசிக்கொண்டே துவக்கைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்திருக்கிறோம். தின்றவர் நினைக்கிறாரோ இல்லையோ, இட்டவரால் மறக்க முடிவதில்லை போலிருக்கிறது.

நேற்று மச்சான் போன் எடுத்தார். மான்கள் திரும்ப வந்துவிட்டனவாம். மரத்தடிக்கு அல்ல — நேரே பயற்றுக்குள்!

"சனியனுகள்! ஒள்ளுப்பமும் நன்றியில்ல. இனி அதுகள்ற முகத்திலயும் முழிக்க மாட்டன்!" என்று கத்தினார்.

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"அப்ப மறுகா என்னத்துக்கு அந்த உப்புப் பைக்கட்டத் தூக்கிக்கொண்டு போறீங்க?"