வியாழக்கிழமை மனை

செய்தி வந்தபோது வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்தது என் வீட்டுக்காரர். "எப்போ?" என்று கேட்டார். பிறகு "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "சரி" என்றார். போனை வைத்துவிட்டு, கிரைண்டரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அண்ணி போயிட்டாங்க. தூக்கத்துலயே."

நிறுத்தினேன். மாவை வழித்தேன். கல்லைக் கழுவித் துடைத்து வைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு சேலம் பஸ் ஏறினோம். ஆத்தூர் தாண்டும்போது மாவில் உப்புப் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. அடக்கம் முடிந்து திரும்பிய அன்றும் பஸ் செலவு, மாலைச் செலவு எல்லாவற்றையும் வழக்கம்போலக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் படுத்தேன். கை தானாக எழுதியது. அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

பங்காளி வீட்டுச் சாவு. கருமாதி முடியும்வரை எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றக் கூடாது. நம் மன்றத்து வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கும் நான் வரக் கூடாது. "வர முடியலன்னா எழுதியாச்சும் அனுப்புங்க, நாங்க படிக்கிறோம்" என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். கோயில் சுவரில் எழுதியிருக்கும் பாட்டுகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்துப் பழகியவள் நான். பிழை இருந்தால் படிக்கிறவர் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தனபாக்கியம் அக்கா என் ஓர்ப்படி, என் கணவரின் அண்ணன் மனைவி. உங்களில் பாதிப் பேருக்கு அவரை 'காரு ஓட்டுற அம்மா' என்றுதான் தெரியும். அந்தக் காரில் பிரசவ வலியோடு ஏறியவர்களும் நம் மன்றத்தில் இருக்கிறீர்கள்.

அக்காவின் பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அங்கே தம்பியின் டிராக்டரில் ஓட்டப் பழகியவர். அவர் கணவருக்கு, அதாவது என் மூத்தாருக்கு, ஓட்ட வராது. ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற எங்கள் செராமிக் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. ஒருநாள் ரயில்வே கேட்டில் வண்டிகள் நின்றபோது, சைக்கிள்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, "ஏம்மா, வூட்டுல ஆம்பள இல்லியா?" என்று கேட்டார். "இருக்காரே. பக்கத்துல குந்தியிருக்காரு, நல்லா பாரு. பயந்த சுபாவம்" என்றார் அக்கா. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மூத்தார்தான். பின்சீட்டிலிருந்து நான் பார்த்தேன்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெய்வேலிக்கு வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற சின்னக் கார் அது. கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. அதன் டயர் வேறு ஜாதி. பக்கத்து ரப்பர் அவ்வளவு தடிப்பு. முள் குத்திக் காற்று முழுக்க இறங்கினாலும் மடங்காது, சக்கரத்தை விட்டுக் கழலாது. மெதுவாக ஓட்டினால் வீடுவரை வந்துவிடலாம். அதனாலேயே அந்தக் காருக்கு ஸ்டெப்னி கிடையாது, அதை வைக்க இடமும் கிடையாது, ஜாக்கியும் கிடையாது. ஜங்ஷன் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த பாய், "இந்த மாதிரி நாலு காரு ஊருக்குள்ள வந்துச்சின்னா நான் கடைய மூடிட்டு முறுக்கு விக்கப் போவ வேண்டியதுதான்" என்பார். அக்காவுக்கு அந்த டயரில்தான் தைரியம். "நின்னாதான் பயம் மல்லிகா. ஓடிக்கினே இருந்தா ஒண்ணும் பயமில்ல" என்பார்.

பிறகு மூத்தாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு போய்விட்டது, நாலைந்து சொற்கள் மட்டும் குழறிக்கொண்டு வரும். வியாழக்கிழமைதோறும் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்தால் எழுந்து நடக்க வாய்ப்பிருக்கிறது, விட்டுவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். அக்கா ஓட்டினார், மூத்தார் முன்சீட்டில், நான் பின்சீட்டில். ஒரு வியாழன்கூட விடவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டயர்கள் வழுவழுவென்று தேய்ந்துபோயின. பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது இங்க எங்கியும் கெடைக்காதும்மா. சாதா டயருதான் போடணும். இந்த வளையத்துல அது உக்காராது, ரிம்மையும் சேத்து மாத்தணும். மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில சொல்லி வெக்கிறேன்."

"மாத்துனா இதே மாதிரி ஓடுமா பாய்?"

"நல்லா ஓடும். இதைவிட மெத்துன்னு இருக்கும். முள்ளு குத்துனா நின்னுடும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார் அவர். சேத்தியாத்தோப்பு ரோடு முழுக்கச் சீமைக் கருவேல முள். நடுவழியில் நின்றால், எழுந்திருக்க முடியாத மனிதரை வண்டிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் என்ன செய்வது?

அன்று மாலை என் வீட்டுக்காரர், "இனிமே டிரைவர் வெச்சிக்கலாம் அண்ணி" என்றார். என்னைப் பார்த்து, "கணக்குல இடிக்குமா?" என்று கேட்டார். இடிக்காது என்றேன்.

"காசு கட்டுப்படியாவும். அவருக்குக் கட்டுப்படியாவாது" என்றார் அக்கா.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. முன்பு ஒரு வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் என்று வெளியாளை வைத்து அனுப்பினோம். அந்த ஆள் நல்லவர்தான். மூத்தாரைத் தூக்கி உட்கார வைக்கும்போது வேட்டி நனைந்துவிட்டது. ஊர் வந்து சேரும்வரை மூத்தார் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். அடுத்த வியாழன் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். தானே ஓட்டுவதாக அக்கா சொன்ன பிறகுதான் விட்டார். மறுபடி ஒரு டிரைவர் வந்தால் ஆஸ்பத்திரி நின்றுவிடும்.

"ஓட்டத் தெரிஞ்சவளுக்கு சக்கரத்தக் கழட்டத் தெரியாதா? நீ கூட வா" என்றார் அக்கா.

புதுச் சக்கரங்கள் வந்தன. பாய் ஒரு பழைய ஜாக்கியும் கொடுத்தார். ஷெட்டுக்கு முன்னாலேயே பழகினோம். களிமண் கொட்டிக் கொட்டி மெத்தென்றிருக்கும் தரை அது. ஜாக்கி அமுங்கியது, அடியில் வைக்கத் தட்டையாக ஏதாவது வேண்டும். நாங்கள் செராமிக்காரர்கள். கை நேராகச் சூளைக்குள் சரக்கு அடுக்குகிற கனமான தட்டுக்குத்தான் போனது. "அந்தச் சூட்டையே தாங்குது, இந்தச் சின்னக் காரைத் தாங்காதா?" என்றார் என் வீட்டுக்காரர். பாதி உயரம் ஏறியதும் தட்டு பட்டென்று இரண்டாகப் பிளந்தது. கார் தொப்பென்று உட்கார்ந்தது. ஷெட்டுப் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சூடு தாங்குறது வேற, சொம தாங்குறது வேற. மரம்தான் வேணும்" என்று அக்கா நேராக என் வீட்டுக்குள் வந்தார். பூஜை அறையில் நின்றார். என் காமாட்சி விளக்கு நிற்கிற பலா மரத்து மனைப் பலகையைக் காட்டினார்.

"இதைக் குடு."

"அக்கா, அது சாமி மனை. எங்க அம்மா வூட்டுச் சீரு."

"தெரியும். இத்தன தடியா வேற பலக இந்த வூட்டுல இல்ல. சாமிய எறக்கி வெச்சிட்டுக் குடு. வியாழக்கெழம கொண்டுபோறேன், சாயந்தரம் கழுவிக் குடுத்துர்றேன். வெள்ளிக்கெழம நீ வெளக்கு வெச்சிக்க."

நான் நின்றேன். குங்குமம் வைத்துக் கும்பிடுகிற மனை காரின் அடியில், சேற்றில். அவர் கெஞ்சவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. காத்திருந்தார். நான் விளக்கை இறக்கித் தாம்பாளத்தில் வைத்தேன். மனையை எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டெப்னிக்கு இடம் இல்லாததால் அது பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறியது. மடியில் மனை. புது டயரில் போன முதல் வியாழன் மூத்தார் வழியிலேயே தூங்கிவிட்டார். பழைய டயரில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகிக்கொண்டே வருவார். அக்கா ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

நாங்கள் பயந்தது ஒரு நடவுக் காலத்தில் நடந்தது. சேத்தியாத்தோப்புப் பாலம் தாண்டியதும் தடதடவென்று சத்தம். அக்கா பழைய பழக்கத்தில் ஓட்டிக்கொண்டே போனார்.

"அக்கா, ஏதோ சத்தம் கேக்குது."

"முள்ளு. ஓடும்."

"ஓடாதுக்கா. டயரதான் மாத்திட்டமே!"

அப்போதுதான் பிரேக் போட்டார். இறங்கிப் பார்த்தால் மூத்தார் பக்கத்து டயர் கிழிந்து தொங்கியது. "பாய் பாத்தா கொல்லுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டார்.

வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரையேறி வந்தார்கள். ஒரு அம்மாள், "அந்தப் பெரியவர எறக்கி ஒக்கார வெச்சிட்டுத் தூக்குங்க. நாங்க புடிக்கிறோம்" என்றாள். மூத்தார் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கையைப் பார்த்தார்.

"அவரு எறங்க மாட்டாரு. அவரோட சேத்துதான் தூக்கணும்."

"வண்டி சாஞ்சுட்டா?"

"சாயாம நீங்க கல்லு வைங்க."

மாசி மகத் தேருக்கு முட்டுக் கொடுப்பதுபோல அந்தப் பெண்கள் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். நான் மனையைக் கீழே வைத்தேன், அக்கா அதன்மேல் ஜாக்கியை வைத்தார். மரம் நெறுநெறுவென்றது. சூளைத் தட்டு பிளந்த சத்தம் என் காதில் இருந்தது. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பிளக்கவில்லை. மூத்தார் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது.

உள்ளிருந்து மூத்தார் ஏதோ சொன்னார். முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னார். "தே...ரு."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அக்கா புழுதியில் உட்கார்ந்தபடியே, நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆமாம் சாமி. மாசி மகம் வந்துட்டுது. ஆடாம குந்தியிரு" என்றார். நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி கொடுப்பவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்து செய்துகொண்டு வந்தோம். சாயந்தரம் அக்கா மனையைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து என் வாசலில் கொண்டுவந்து நின்றார். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "இது போவாது மல்லிகா" என்றார். போகட்டும் என்றேன். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை முள் குத்தியது. "நின்னா இன்னா, எறங்கிப் பாத்துட்டுப் போறது" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மூத்தார் கோலூன்றி வாசல்வரை நடந்தார். அதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். நம் பூஜைக்குச் சுண்டல் வாங்க அவரே வந்து நிற்பார். சில வருஷம் அப்படி இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். காரை விற்றோம். அக்கா சேலத்துக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று மனையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இந்தா. இனிமே வியாழக்கெழமையும் ஒனக்குத்தான்" என்றார். அவ்வளவுதான் விடைபெற்றது.

அவருடையது என்று என்னிடம் வேறொன்றும் இல்லை. இதுவும் என் மனைதான்.

இப்போது பூஜை அறையில் அது வெறுமனே இருக்கிறது. எப்போதும் விளக்கு மேலே நிற்பதால் பள்ளம் தெரியாது, இந்த நாட்களில் தெரிகிறது. நேற்று வியாழக்கிழமை. சாயந்தரம் என்னை அறியாமல் அதை எடுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் தடவக் கூடாத நாள் என்று பிறகுதான் நினைவு வந்தது. ஈரத்தோடு வைத்துவிட்டேன். காலையில் பார்த்தபோது மற்ற இடமெல்லாம் காய்ந்து, அந்தப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

கருமாதி முடிந்ததும் விளக்கை மறுபடி அதன்மேல் வைப்பேன். பள்ளத்தை மூடாமல், சற்றுத் தள்ளி.