தொங்கும் கால், நிற்கும் கால்

சட்டைப் பொத்தான் அறுந்தால் அதைத் தைத்துக்கொள்ளத் துப்பில்லாத கைகள் அவருடையவை. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னால், ஊசியைத் தொலைத்துவிட்டு நூலோடு வந்து நிற்பார். ஆனால் அதே கைகள், பதினான்கு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஐந்து டன் இரும்புத் தூணைக் கிரேன் கொக்கியில் தூக்கிவந்து, கீழே நான்கு போல்ட்டுகளின் மேல் சத்தம் வராமல் இறக்கி வைக்கும். அந்தக் கிரேன்காரரின் மனைவி ஒரே ஒருமுறை வேலையிடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். பிரமித்துப்போனாள். இந்த மனுஷனையா காலையில் பாலைக் கொட்டியதற்கு அந்தத் திட்டுத் திட்டினோம் என்றிருந்தது.

அவளுக்கு ஒரு துணிக்கடையில் திரைச்சீலைப் பிரிவில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக நின்றபடியே அளந்து, நின்றபடியே வெட்டி, நின்றபடியே பேரம் பேசியவள். அவளுடைய வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கேட்ட விலைக்கு வாங்கிப் போவார்கள். சர்க்கரை நோய் அந்த வாயை ஒன்றும் செய்யவில்லை, பாதங்களைத்தான் பிடித்துக்கொண்டது. இரண்டும் மரத்துப்போய் நான்கு வருஷம். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் பின்னால் வருகிறவர்கள்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

கடையில் வாங்கிய சாக்ஸ்தான் முதல் வினை. விரல் நுனியில் இருந்த தையல், அரிசி தடிமன்கூட இராது, ஒரு பகல் முழுக்க அவளுடைய இடதுகால் சுண்டுவிரலை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவளுக்கு வலித்தால்தானே தெரியும்? அது புண்ணாகி ஆறாமல் போய், மூன்று மாதம் கழித்து அந்த விரலை எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். வெறுங்காலோடு ஷூ போடக் கூடாது, தையல் உள்ள சாக்ஸ் போடவே கூடாது. தையல் இல்லாதவற்றையும் தேடி வாங்கினார்கள். விரல் இல்லாத இடம் காலியாகி மடங்கி, அங்கே ஒரு சுருக்கம் விழுந்தது. அந்தச் சுருக்கம் போதும் இன்னொரு புண்ணுக்கு.

கட்டுப் போடும் கிளினிக்கின் பெஞ்சில் ஒரு அம்மாள் எப்போதும் கொக்கி ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிரேன்காரர் மூன்று வாரம் அவள் விரல்களையே கண் கொட்டாமல் பார்த்தார். நான்காவது வாரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரித்தார். விரல் நுனியில் ஒரு சின்ன வளையத்தில் தொடங்கினால் சுற்றிச் சுற்றியே மேலே போய்விடலாம், தையலே தேவையில்லை என்றாள் அவள். அன்றைக்கே ஒரு கொக்கி ஊசி வாங்கிவிட்டார்.

"பொத்தான் தைக்கத் தெரியாது, சாக்ஸ் பின்னப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி.

"அது ஊசி. இது கொக்கி. கொக்கி எனக்குத் தெரியும்" என்றார்.

தெரிந்த லட்சணம் முதல் சாக்ஸில் விளங்கியது. கம்பியை முறுக்குவதுபோல நூலை இழுத்து இழுத்துப் பின்னியதில், அது மேசைமேல் யார் துணையும் இல்லாமல் நேராக நின்றது. அவள் அதில் கரண்டிகளைப் போட்டு வைத்தாள். இரண்டாவது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. சாப்பாட்டு நேரத்தில் அவர் மூலையில் உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்து, கீழிருந்து கை காட்டும் சிக்னல்காரன் 'சாக்ஸண்ணன்' என்று பெயர் வைத்தான். வேலையிடம் முழுக்க அதுவே நிலைத்தது. அவர் காதில் வாங்கவில்லை. பிரிப்பார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இழுக்கிற விசையைத் தளர்த்தக் கற்றுக்கொள்ளவே ஒன்றரை மாதம் பிடித்தது.

பிறகு அளவெடுத்தார். முக்காலியில் உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, நூலால் சுற்றிச் சுற்றி அளந்தார். வலதுகாலுக்கு ஐந்து விரல் கணக்கு, இடதுகாலுக்கு நான்கு விரல் கணக்கு. வெளிர்சாம்பல் பருத்தி நூல். முடிந்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் எல்லோருக்கும் ஷூவைக் கழற்றிக் கழற்றிக் காட்டினாள்.

சாயங்காலம் வழக்கம்போல அவர் டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக உட்கார்ந்து அவள் பாதங்களைச் சோதித்தார். வலதுகால் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. இடதுகாலில், எடுத்த விரலுக்குப் பக்கத்தில், உளுந்தளவுக்கு ஒரு கொப்புளம்.

மறுநாள் கிளினிக்கில் சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டே இருவரையும் ஒரு பிடி பிடித்தாள். காலைக் கீழே ஊன்றக் கூடாது, பத்து நாளில் ஆறவில்லையென்றால் டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவர் கொக்கியையும் நூலையும் அலமாரியின் மேல்தட்டில் போட்டு மூடினார். இறக்கி வைத்த எதுவும் இத்தனை வருஷத்தில் பிசகியதில்லை, தன் வீட்டில்தான் பிசகியது என்று அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

படுத்தே கிடந்தவளுக்கு வேறு வேலை இல்லை. ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, என் காலை எப்படி வெச்சு அளந்தீங்க?"

முழங்கால்மேல் வைத்துத்தான் என்றார்.

"திரைச்சீலைன்னா தொங்கவிட்டு அளக்கலாம், அது தொங்கத்தானே போகுது. என் கால் நிக்கிற கால். நின்னா அகலும்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாக எந்தப் பொருளையும் அந்தரத்தில் தொங்கும்போதுதான் அவர் பார்த்திருக்கிறார். தரையில் இறங்கியதும் கொக்கியைக் கழற்றிவிடுவார்கள், அதோடு அவர் வேலை முடிந்தது. இறங்கிய பிறகு அது எப்படிப் பரவி உட்காருகிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

கொப்புளம் ஒன்பதாம் நாள் ஆறியது. ஊன்றலாம் என்று சிஸ்டர் சொன்னதும் கடைக்குப் போகத் தொடங்கினாள். ஒருநாள் வேலை முடிந்து பாதம் வீங்கி வந்தவளைச் செய்தித்தாள்மேல் நிற்க வைத்து, தரையோடு தரையாகப் படுத்து, பென்சிலால் இரண்டு பாதங்களையும் வரைந்தார். முன்பு அளந்ததற்கும் இதற்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். அலமாரியின் மேல்தட்டு திறந்தது.

புதிய ஜோடி இருபது நாளில் முடிந்தது. அவள் கண்ணாலேயே பார்த்தாள், கடைசி நூலை வெளிப்பக்கமாக இழுத்து மறைத்துவிட்டார். ஆனால் கொடுக்கவில்லை. ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து அவளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண்களை மூடியிருந்தார். உட்புறம் வெளியே வரும்படி திருப்பிய சாக்ஸைக் கீழுதட்டின்மேல் வைத்து, ஒவ்வொரு பின்னல் கண்ணியாக மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். ஓர் இடத்தில் நின்றார். திரும்பவும் அதே இடத்தை உதட்டில் ஓட்டிப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, கொக்கியை எடுத்து, மேலிருந்து நான்கு சுற்றை முகம் சுளிக்காமல் பிரிக்கத் தொடங்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

ஊசியைத் தொலைத்துவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தார். "உன் காலுக்குத் தெரியாது. உதட்டுக்குத் தெரியும்" என்றார்.

அவளுக்குக் கடையில் பட்டையும் வெல்வெட்டையும் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விரல்கள். ஆனால் ஒரு துணியை இப்படி ஒருவர் விசாரித்து அவள் பார்த்ததில்லை. பதினான்கு மாடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த அன்றைக்கு வந்த அதே பிரமிப்பு வந்தது, கூடவே அழுகையும். போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை திருத்திய ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒன்பது மணி நேரம் நின்றாள். யாருக்கும் காட்டவில்லை. சாயங்காலம் அவர் டார்ச்சோடு உட்கார்ந்தார். கண்ணாடியை இந்தப் பக்கம் பிடித்தார், அந்தப் பக்கம் பிடித்தார், ஒன்பது விரல்களின் இடுக்கையும் மூன்று தடவை பார்த்தார். கோடு இல்லை, சிவப்பு இல்லை. டார்ச்சை அணைத்தார்.

"நாள் பூரா போட்டிருந்தியே, எப்படி இருந்துச்சு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அவர் கீழுதட்டை ஒருமுறை விரலால் தடவிக்கொண்டார்.

"மெத்துன்னு இருந்துச்சு" என்றார்.