சைவம் எழும்பவில்லை

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு பழைய போட்டோவைப் போட்டிருந்தார்கள். ஆண்டுவிழா மேடை. நடுவில் ஐகோர்ட் ஜட்ஜ் ஒருவர் டிபன் கேரியரைத் திறந்தபடி நிற்கிறார். கீழே மூன்றாவது வரிசையில், குனிந்துகொண்ட ஒரு வழுக்கைத் தலை பாதி மட்டும் தெரிகிறது. ஜட்ஜுக்குக் கும்பிடும் பூங்கொத்துமாகக் குழுவில் குவிந்துவிட்டன. அந்தப் பாதித் தலை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது என் மாமாவுடையது. அம்மாவின் மூத்த அண்ணன்.

நாகர்கோவில் டவுனுக்குள் இருக்கும் அரசு உயர்நிலைப்பள்ளி அது. மகாராஜா காலத்துக் கல்கட்டிடம். வாசலுக்கு மேலே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கும். வெள்ளையடிக்கிறவர்கள் அதன்மேலும் சலிக்காமல் சுண்ணாம்பு பூசிப் பூசி, நாங்கள் படித்த காலத்தில் அது சங்கா பலாக்கொட்டையா என்று தகராறு வருகிற நிலைமைக்கு வந்திருந்தது. ஒரு காலத்தில் மலையாளத்திலும் அங்கே பாடம் நடந்ததாம். தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு கரும்பலகையில் எழுத்து மாறியது, சார்மாரின் பேச்சில் அந்த இழுவை மட்டும் போகவில்லை.

உள்ளே பெரிய ஹால். சுவர் நிறைய, அங்கே படித்துப் பெரிய ஆளானவர்களின் படங்கள். ஒரு மந்திரி, மீசை வைத்த ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு நாதஸ்வர வித்வான், எங்கேயோ வெளிநாட்டில் பாலம் கட்டிய ஒரு இன்ஜினியர். ஹாலின் மூலையில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பெஞ்ச் உண்டு. மந்திரி இருந்து படித்த பெஞ்ச் என்று ஒரு சார் சொல்லுவார், வித்வான் இருந்த பெஞ்ச் என்று இன்னொருவர் சொல்லுவார். பரீட்சைக்கு முந்தின நாள் அதில் ஒரு நிமிஷமாவது உட்கார்ந்து எழும்பவேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு சட்டம். நானும் உட்கார்ந்திருக்கிறேன். கணக்கில் அதனால் ஒன்றும் தேறவில்லை.

மாமாவுக்கு அந்த பெஞ்சைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிரிப்பு வரும். "எனக்க பெஞ்ச எல்லாம் கறையான் தின்னு வருஷம் எத்தனையாச்சு! அதுல ஒரு தலைக்கு நான் இருந்தேன், மறுதலைக்கு இப்பம் ஐகோர்ட்ல ஜட்ஜா இருக்கானே, அவன் இருந்தான், கேட்டியா?" என்பார்.

அதை எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. மாமா பத்தாம் வகுப்பில் தோற்று, வடசேரியில் வாழைக்குலைக் கடை போட்டவர். மட்டியும் ஏத்தனும் செவ்வாழையுமாகக் குலைகள் தொங்க, அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து உலக விஷயம் பேசுவார். அந்த ஜட்ஜோ இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, படித்துப் படித்து மேலே போனவர். "ஒரே பெஞ்சுன்னே வச்சுக்கிடுவோம். அவரு எழும்பிப் போனாரு, எங்க அண்ணன் அங்கயே இருந்துட்டான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஒருமுறையாவது போய் அவரைப் பார்த்திருக்கலாமே என்று கேட்டால், "காரியத்துக்கு வந்தேன்னு நெனச்சுருவான்" என்று மாமா கையை விரித்துவிடுவார்.

நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தாமல் வகுப்பிலும் சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பில் இருந்தேன். அந்த வருஷ ஆண்டுவிழாவுக்கு ஜட்ஜ் வருகிறார், ஹாலில் மாட்டுவதற்கு அவரோடு போட்டோ எடுக்கப்போகிறார்கள், அவர்கூடப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று சயன்ஸ் சார் கேட்டபோது என் கைதான் முதலில் எழும்பியது. பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, அந்த வாழைக்குலைக்கட மாமாவா?" என்றாள். அந்த ஒரு சிரிப்புக்காகவே மாமாவின் படம் மந்திரி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியாகவேண்டும் என்று நான் முடிவுகட்டினேன்.

மாமாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீடு சைவம், முட்டைகூட வாசல் தாண்டாது. ஆனால் மாமாவின் சைவம் வீட்டுப் பழக்கம் மட்டும் அல்ல. மீன் வாடை மூக்கில் பட்டாலே அவருக்குக் குமட்டும். பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் மாமா இறங்கிவிடுவார். கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற நேர்வழியில் மீன்சந்தை இருப்பதால், ஒரு சந்துக்குள் புகுந்து ஊரைச் சுற்றித்தான் வருவார். பிறந்ததிலிருந்தே அப்படி என்று அம்மா சொல்லுவாள். யாரோ சாளை மீன் சுட்ட வாடைக்குச் சின்னப் பிள்ளையில் வாந்தியெடுத்துக் காய்ச்சலில் படுத்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

விழாவன்று மாமா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. கடையிலேயே பெரிய செவ்வாழைச் சீப்பு ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். மூன்றாவது வரிசையில் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "அவனுக்கு இது உயிரு மக்கா" என்றார். அவர் கால் தரையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய ஆள் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை.

ஜட்ஜ் பேச எழுந்தார். எழுதிக் கொண்டுவந்த காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, கடற்கரைப் பேச்சிலேயே பேச ஆரம்பித்தார். ஹால் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் அவர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீனும்தானாம், சோறு என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளது. மத்தியானம் எல்லோரும் பொதிச்சோற்றைப் பிரிக்கும்போது அவர் தன் கிழங்கையும் மீனையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாராம். அடுத்தவன் சோற்றை வாங்கித் தின்னமாட்டேன் என்று ஒரு வீம்பு. பெஞ்சில் கூட இருந்தவன் ஒருநாள் கிணற்றடிக்கே வந்து, 'எங்க வீட்டுல மீனக் கண்ணுலயே காட்டமாட்டாங்க, எனக்கோ தின்னக் கொதியா இருக்கு, உனக்க மீனத் தந்தா எனக்க சோத்தத் தாறேன்' என்று கெஞ்சினானாம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விடும் காலம்வரை அந்த மாற்று நடந்ததாம்.

"முள்ளக்கூட விடமாட்டான், பாவி. அப்பிடி ருசிச்சுத் திம்பான். நான் அவனுக்கு உபகாரம் செய்யுதேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அவனுக்க சோத்தத் தின்னேன். அந்தச் சோத்துலதான் படிச்சேன்" என்றார் ஜட்ஜ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேஜைமேல் இருந்த டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டினார். அவருடைய அக்காள் வீட்டில் வைத்த மரச்சீனியும் சாளை மீன் கறியும் அதில் இருந்தன. "அவன நாங்க சைவம்னுதான் கூப்பிடுவோம். எடே சைவம், நீ இந்தக் கூட்டத்துல இருக்கியா? இருந்தா எழும்பி வா. நாம ரெண்டுபேரும் இங்க இருந்தே தின்னுவோம்."

ஹால் சிரித்தது, கைதட்டியது, பிறகு ஒவ்வொருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சயன்ஸ் சார் நேராக எங்களைப் பார்த்தார். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, எழும்புங்க. உங்களத்தான்."

மாமா எழும்பவில்லை. மேடையில் மூடி திறந்தாகிவிட்டது, மேலே சுற்றிய காற்றாடிக் காற்றில் வாடை எங்கள் வரிசைவரை வந்தது. அவர் முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, துண்டால் மூக்கை அழுத்திக்கொண்டு குனிந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோக்காரர் அமுக்கியிருக்கிறார். நான் மறுபடி இழுத்தேன்.

"சும்மா இரி மக்கா. எழும்புனா திங்கணும்லா" என்று காதுக்குள் சொன்னார்.

சயன்ஸ் சார் புருவத்தை உயர்த்திக் கேட்டதற்கு, 'நான் இல்லை' என்பதுபோல மாமா தலையை ஆட்டினார். ஜட்ஜ் இன்னும் கொஞ்ச நேரம் கண்மேல் கையை வைத்துக் கூட்டத்தைத் தேடினார். பிறகு தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து உட்கார, இருவரும் சாப்பிட்டார்கள். பெரிய துண்டு தலைமையாசிரியருக்கே போயிற்று. மாமா துண்டுக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஜட்ஜ் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. குமட்டலினால் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது மாமா, வாசலில் நின்ற ஜட்ஜின் கார் டிரைவரிடம் செவ்வாழைச் சீப்பைக் கொடுத்தார். யார் தந்தது என்று சொல்லவேண்டும் என்று டிரைவர் கேட்டதற்கு, "ஸ்கூல்ல உள்ளதுன்னு சொல்லும்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்? வீட்டுக்குப் போகும் வழியில் மாமா பேச்சுக் கொடுக்கக் கொடுக்க நான் நாலடி பின்தங்கியே நடந்தேன். மீன்சந்தை திரும்பும் இடம் வந்ததும், எப்போதும்போல மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் சந்துக்குள் இறங்கினார். எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. முள்ளைக்கூட விடாமல் மீன் தின்றவன் இந்த மனிதராக இருக்கவே முடியாது. சைவம் வேறு யாரோ. மாமா சொன்னதெல்லாம் புளுகு என்று அந்தச் சந்திலேயே நான் தீர்ப்பெழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு மாமா அந்த பெஞ்ச் கதையை எடுக்கவில்லை. குட்டு வெளிப்பட்டதனால் என்று நினைத்து நானும் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு மாமா இல்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தப் பாதித் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாடைக்கே குமட்டுகிற ஒரு பையன், பக்கத்தில் இருக்கிறவன் கூசாமல் சோறு தின்னவேண்டும் என்பதற்காக, தினமும் முள்ளைக்கூட விடாமல் மீனை ருசித்துத் தின்ன முடியும் என்பது எட்டாம் வகுப்புக்குள் எங்களுக்கு எந்தப் பாடத்திலும் வந்திருக்கவில்லை.